மூன்றாம் நம்பர் ஷட்டர் லஸ்கர்

சர்வதேச டிப்ளமோ ஒருங்கிணைப்பாளர் என்றால் ஏதோ பாடம் நடத்துகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். படிவம் அனுப்புவது, வராத படிவத்தைத் துரத்துவது, வந்த படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான் தொழில். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற ரோட்டில், திருவிடைமருதூர் தாண்டி, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தேன். பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ரகம் நான். அதனால் இதை வெளியே சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஓர் ஆளைத் தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் இல்லையா, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

முகம் தெரியாத வாத்தியார்கள்

சேர்க்கை நாளில் யாழினியின் அப்பா பாலு என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயலையே இவர் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறார். பெண் எங்கள் நுழைவுத் தேர்வில் நன்றாக எழுதி, கட்டணமில்லாத இடத்தில் சேர்ந்திருந்தாள். வழக்கமான என் கச்சேரியை ஆரம்பித்தேன். இரண்டு வருடப் படிப்பு. ஆறு பாடம், மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும், மூன்றைச் சாதாரணமாகப் படித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஏழுக்குத்தான் மதிப்பெண். அதோடு நாலாயிரம் வார்த்தைக்குள் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, 'நமக்குத் தெரியும் என்கிறோமே, அது எப்படித் தெரியும்' என்று யோசிக்க வைக்கிற ஒரு வகுப்பு, கலை, விளையாட்டு, சேவை மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறிப்பேடு. கட்டுரை ஒன்று விட்டுப்போனால்கூட மற்றதெல்லாம் வீண், டிப்ளமோ கிடையாது.

ரேங்க் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். திருத்துவது யார் என்று கேட்டார். கட்டுரையும் விடைத்தாளும் வெளிநாட்டுக்குப் போகும், திருத்துகிறவர் பெயர், ஊர், முகம் எதுவும் எங்களுக்கே தெரியாது, தெரியவும் கூடாது என்றேன். பாலு சொன்னார்: "புரியுது டீச்சர். நம்மளை அவுங்க பாப்பாங்க, அவுங்களை நாம பாக்க முடியாது. எங்க ஊரு எல்லைச்சாமி கணக்கு."

பதினோரு பேர் இருந்த படம்

சேவைக் குறிப்பேட்டில் பிள்ளைகள் செய்ததை எழுதி, படமும் ஒட்ட வேண்டும். ஆடி வருவதற்கு முன்னால் யாழினி தன் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாய்க்காலில் வெங்காயத்தாமரை வாரியிருந்தாள். நல்ல வேலை. 'நாங்கள் பதினோரு பேர், எதிர்க்கரையில் ஒருவர், மொத்தம் பன்னிரண்டு பேர்' என்று எழுதியிருந்தாள். படத்தில் எண்ணினேன். பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போகாத குறிப்பேட்டை நான் விட மாட்டேன். எங்கள் பி.டி. சாரைக் கூப்பிட்டு, அவருக்குக் கண் கூர்மை என்பதால், நீங்களும் எண்ணுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, போட்டுக்கொண்டு ஒரு முறை எண்ணினார். பிறகு படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஆளு பதினொண்ணுதான் மேடம். ஆனா எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் எதிர்க்கரையைப் பாத்து எதுக்குச் சிரிக்குது?"

அடிக்கணக்கு

கட்டுரைக்கு அவள் எடுத்த கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட நாளிலிருந்து அவள் ஊர் வாய்க்காலின் கடைசி வயலுக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது, வந்த தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எப்போது இறங்குகிறது. கடைமடைக்காரர்கள் வருஷா வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விதான். அதை வரைபடம் போட்டுப் பதில் சொல்ல ஒரு பெண் கிளம்பியிருக்கிறாள் என்றால் சும்மாவா. வழிகாட்டியாக ஜியாகிரபி சுந்தரம் சாரைப் போட்டேன்.

தண்ணீர் வந்த நாள் முதல் ஒரு நாள் தப்பாமல் அளவு வைத்திருந்தாள். ஒன்றே கால், ஒன்றரை, இரண்டு என்று அடிக்கணக்கு. யார் அளந்தது என்று சுந்தரம் சார் கேட்டதற்கு, மூன்றாம் நம்பர் ஷட்டர் லஸ்கர் என்றாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், லஸ்கர் என்றால் பாசன ஆபீஸின் கடைநிலை ஊழியர். மதகின் இரும்புக் கதவான ஷட்டரை ஏற்றி இறக்குவதும், பக்கத்தில் நட்டிருக்கிற அளவுப் பலகையைப் பார்த்து உயரத்தைக் குறிப்பதும் அவர் வேலை. பெயர் கோவிந்தசாமி என்றாள். அவரிடம் பேட்டி எடுக்கலாமே, கட்டுரைக்குப் பலமாக இருக்கும் என்று நான் ஆசை காட்டினேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். "காலையில ஏழு மணிக்கு எதிர்க்கரையில நின்னு அளவைச் சொல்வார் மிஸ், நான் எழுதிப்பேன். வேற எது கேட்டாலும் அவருக்குக் காது கேக்காது."

விட்டுப்போன கட்டம்

கட்டுரைக்கு யார் தகவல் கொடுத்தாலும் அவரிடம் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். பெயர், வேலை, கையெழுத்து, தேதி, நாலே கட்டம். யாழினி அதை ஷட்டர் மேடையின் எதிர்க்கோடியில், கல்லை வைத்து, பேனாவோடு வைத்துவிட்டு வந்தாளாம். மறுநாள் கையெழுத்தோடு இருந்ததாம். கட்டுக்கோப்பான பழைய கையெழுத்து, 'கோ'வுக்குக் கொம்பு நீளமாக. தேதிக் கட்டம் மட்டும் காலி.

தேதி இல்லாத படிவத்தைக் கணினி ஏற்காது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாளும் அதே காலிக் கட்டத்தோடு கொண்டுவந்தாள். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஒரு தேதி போடுவதற்கு அந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவர்கிட்ட தேதி இல்லையாம் மிஸ். நான் கேக்கலை, உன்கிட்ட இருந்தா நீ போட்டுக்கன்னு அவராவே சொல்றார்."

ஆபீஸ் ரிஜிஸ்டர்

நானே வாங்கிக்கொள்கிறேன் என்று, மதியம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிப் பாசன ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் அம்மா மரியாதையாக உட்கார வைத்து, கோவிந்தசாமியா, மூன்றாம் நம்பரா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு பீரோவிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து என் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே 'கோ', அதே நீளக் கொம்பு. பதிவேட்டில் ஓர் ஐப்பசி நாளோடு கையெழுத்து நின்றுபோயிருந்தது.

விடாமல் அடைமழை பெய்து ஆறு கரை தட்டிய நாளில், தண்ணீர் ஊருக்குள் போகாமல் வடிந்து ஓட ஷட்டரை ஏற்றப் போனவர் அவர். ஏற்றிவிட்டார். ஊர் தப்பியது, அவர் திரும்பவில்லை. உடம்பு இரண்டு நாள் கழித்துக் கிழக்கே கிடைத்ததாம். யாழினி அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்திருப்பாள். அதன் பிறகு ஷட்டரைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், இரண்டாம் நம்பர் ஆளே எப்போதாவது வந்து இதையும் பார்த்துக்கொள்கிறார். அப்படியானால் இப்போது அளவுப் பலகையைப் பார்ப்பது யார் என்று கேட்டேன். "எந்தப் பலகை மேடம்? அது அன்னைக்கே அவரோட போச்சு. மறுபடி அங்க வைக்கவே இல்லையே."

சுந்தரம் சார் இறங்கி அளந்தது

பெண் கற்பனையாக எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அதுதான் எனக்கு வசதி. ஊரில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுப் பெயரைப் பிடித்திருப்பாள், பதிவேட்டுக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருப்பாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மார்கழியில் ஒரு காலை சுந்தரம் சாரைக் கூட்டிக்கொண்டு, ஒரு நீளக் கம்பும் இன்ச் டேப்புமாகக் கரைக்குப் போனேன். பனி விலகி நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. வயல் முழுக்கச் சம்பாப் பயிர் பூத்து நின்றது. எதிர்க்கரையில் நாணலும் இரண்டு பனைமரமும்தான், வேறு ஆளில்லை.

யாழினி எங்களுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். ஏழு மணிக்கு எதிர்க்கரையைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், நோட்டில் எதையோ எழுதினாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சுந்தரம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கம்பை ஊன்றி, நனைந்த இடத்தை டேப்பால் அளந்தார். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். கரையேறியதும் கம்பை அங்கேயே போட்டுவிட்டார். "ரெண்டே முக்கால். அவ எழுதியிருக்கிறதும் ரெண்டே முக்கால். மேடம், இனிமே வேற யாரையாவது இந்தக் கட்டுரைக்கு வழிகாட்டியாப் போடுங்க."

நான் கேட்ட பொய்

இப்போது சிக்கலைப் பாருங்கள். அளவு எல்லாம் சரி. அளவு சொன்ன ஆள்தான் இல்லை. இல்லாத ஆளின் பெயரை மூலமாகக் காட்டினால் கட்டுரை மோசடி என்று தள்ளப்படும். கட்டுரை போனால் டிப்ளமோ போகும். நீர்ப் பொறியியல் படிக்க வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது, டிப்ளமோ முழுசாக வந்தால்தான் அந்த இடம். பாலு வீட்டில் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு தேதிக் கட்டத்தில் வந்து நிற்கிறது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். ரொம்பச் சுலபம், 'அளவுகளை நானே கம்பு வைத்து எடுத்தேன்' என்று ஒரு வரி மாற்று, கோவிந்தசாமி பெயரையே எடுத்துவிடு, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆபீஸில் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் மிஸ் என்று கேட்டாள். நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகத்திலிருந்து அவள் ஏதோ தெரிந்துகொண்டிருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மாறவில்லை. "நான் அளக்கலையே மிஸ். அடுத்தவங்க செஞ்சதை நான் செஞ்சேன்னு எழுத மாட்டேன்னு மொத வருஷம் நீங்கதானே எங்ககிட்ட எழுதி வாங்கினீங்க?"

ஆட்டுக்காரம்மா

அவள் எழுத மாட்டேன் என்ற பொய்யை நான் எழுதினேன். படிவத்தில் என் மனசுக்குத் தோன்றிய ஒரு தேதியைப் போட்டு, கீழே 'தகவல் தந்தவரை நான் நேரில் சந்தித்து உறுதி செய்தேன்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கு அரை மார்க் கூட்டிப் போடாதவள் நான்.

பங்குனியில் வெளிநாட்டு டிப்ளமோ ஆபீஸிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சில கட்டுரைகளை அவர்கள் தற்செயலாக எடுத்துச் சோதிப்பார்கள். இந்த முறை யாழினியுடையது. ஐந்து வேலை நாளுக்குள் கோவிந்தசாமி தங்களோடு போனில் பேச வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை செல்லாது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கால் தானாக மூன்றாம் நம்பர் ஷட்டருக்குக் கொண்டுபோனது. தை முடிவதற்குள்ளேயே தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள், வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நல்ல வெயிலில், படித்த பொம்பளை, எதிர்க்கரையைப் பார்த்து ஐயா, ஐயா என்று கூப்பிட்டேன். வாய்க்காலுக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாரைத் தேடறீங்க என்றார். லஸ்கரை என்றேன். பைத்தியம் என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓர் ஆட்டை அதட்டிவிட்டு, வழி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "இப்ப எப்படிம்மா வருவாரு? தண்ணி வந்தாத்தான் வருவாரு."

ஐந்தாம் நாள்

நாலாம் நாள் சாயங்காலம் பருவம் தப்பிய மழை ஒன்று அடித்தது. ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு நானும் யாழினியும் ஷட்டர் மேடையில் நின்றோம். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது, ஓடக்கூட இல்லை. என் போன் அடித்தது. சென்னையில் பிறந்து அந்த வெளிநாட்டு ஆபீஸில் வேலை பார்க்கிற ஓர் அம்மா, தமிழ் நன்றாகப் பேசினார், கோவிந்தசாமியிடம் கொடுங்கள் என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். யாழினி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு மேடையில் நடந்து போனாள். எதிர்க்கோடியில் அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஸ்பீக்கர் போட்டாயா என்று கேட்டேன். "அவர்கிட்டதானே மிஸ் பேசணும், நம்மகிட்ட இல்லையே" என்றாள்.

நின்றோம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். ஒரு கொக்கு வந்து இறங்கியது, எதிர்க்கரைப் பக்கம் போகாமல் திரும்பிப் பறந்துவிட்டது. காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. யாழினியின் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் போனை எடுத்துவந்தாள். அந்த அம்மா இணைப்பில்தான் இருந்தார்.

ஒவ்வொரு நாளின் அளவையும் ஓர் இடத்திலும் தடுமாறாமல் சொன்னார் மேடம், எங்களுக்குத் திருப்தி, கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம் என்றார். போனை வைக்கப் போனவர் என்னவோ நினைத்துக்கொண்டு நிறுத்தினார். குரலில் உண்மையான கவலை இருந்தது. "ஒரு விஷயம் மேடம். அவர் பேசும்போது பின்னாடி வெள்ளம் பயங்கரமா இரையுது, மழையும் கொட்டுது. நீங்க கிட்டக்கதானே இருக்கீங்க, தயவுசெஞ்சு அவரைக் கரையேறச் சொல்லுங்க."

யாழினி டிப்ளமோ வாங்கி நீர்ப் பொறியியல் படிக்கப் போய்விட்டாள், கோவிந்தசாமி சொன்ன கணக்கில் ஓர் அங்குலம்கூடத் தப்பில்லை என்று ஆகிவிட்டது, இந்த விவகாரத்தில் பொய்க் கையெழுத்துப் போட்ட ஒரே ஆளான என்னைத்தான் வரும் ஆண்டிலிருந்து பள்ளியின் நேர்மைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள்.